வேற்றுக்கிரகப் பேரரசின் கதையை எழுதி, கோலாலம்பூரில் நூலாக்க ஒரு வழிகாட்டி

இரண்டு சூரியன்களுக்குக் கீழே, ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் போரிட்டே வாழ்ந்த ஒரு குலம். அவர்கள் பேரரசுக்கு ழகோரம் என்று பெயர். அந்த வரலாற்றை நான் செந்தூல் வீட்டின் சாப்பாட்டு மேசையில், வேலை முடிந்து வந்த இரவுகளில் எழுதினேன். எழுத இரண்டு ஆண்டு ஆனது. எழுதியதை நூலாகக் கையில் பிடிக்க மேலும் பதினான்கு மாதம். அந்தப் பதினான்கில் பாதி, எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்று தெரியாமல் வீணானது. அச்சான முந்நூறு பிரதிகளிலும் ஒரு தாளை வெட்டி எடுத்து, புதிய தாளை என் கையாலேயே ஒட்டியிருக்கிறேன்.

நம் ஊரில் தமிழில் அறிவியல் புனைவு எழுதுகிறவர்கள் குறைவு. அதிலும் தனக்கென்று மொழி, மன்னர் பரம்பரை, போர்கள், துரோகங்கள் என்று ஒரு முழுப் பேரரசையே உருவாக்குகிறவர்கள் மிகக் குறைவு. அப்படி ஒருவர் கையெழுத்துப் பிரதியோடு நின்றுவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். நான் சொல்லும் அச்சுச் செலவுகள் எனக்கு ஆனவை. நீங்கள் போகும்போது விலை மாறியிருக்கும், ஆனால் செய்ய வேண்டிய வரிசை மாறாது.

1. கதைக்கு முன்னால் பேரேடு

ஒரு கணக்குப் புத்தகம் வாங்குங்கள், அல்லது கணினியில் ஒரு அட்டவணை திறங்கள். ஆண்டு, ஆட்சியில் இருப்பவர், நடந்த போர், போருக்குக் காரணம், செத்தவர்கள், நாவலில் அது வரும் அத்தியாயம். இந்த ஆறு கட்டங்கள் போதும். உங்கள் பேரரசின் வரலாறு இதில்தான் இருக்க வேண்டும், தலைக்குள் இருக்கக் கூடாது.

இதை நான் அரைகுறையாகச் செய்தேன். ழகோரத்தின் ஓர் ஆண்டு நம் ஆண்டில் ஒன்றரை என்று மூன்றாம் அத்தியாயத்தில் எழுதிவிட்டு, பதினோராம் அத்தியாயத்தில் மறந்துவிட்டேன். நாற்பது வயதுத் தளபதி ஒருவர், தான் பிறப்பதற்கு முன்பே நடந்த முற்றுகையைக் கண்ணால் கண்டதாகப் பேசினார். மெய்ப்புப் பார்த்த, அதாவது அச்சுக்கு முன் பிழை திருத்திய, ஓய்வுபெற்ற ஆசிரியை அதைச் சுட்டியபோது பக்க வடிவமைப்பு முடிந்திருந்தது. சரிசெய்ய மூன்று வாரம்.

இதே தவறு உலகப் புகழ்பெற்ற ஒரு பேரரசுக்கும் நேர்ந்திருக்கிறது. ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடரில் கிளிங்கான் என்ற போர்வீரர் இனம் 1967இல் முதன்முதலாகத் திரையில் வந்தது. அப்போது அவர்கள் நெற்றி நம் நெற்றிபோல வழவழப்பாக இருந்தது. 1979இல் வந்த திரைப்படத்தில் நெற்றியில் எலும்பு மேடுகள் தோன்றிவிட்டன. ஏன் மாறியது என்பதற்குக் கதைக்குள் ஒரு முழு விளக்கம் வர 2005 வரை ஆனது. அவர்களுக்குத் தொலைக்காட்சி நிறுவனமும் பல எழுத்தாளர்களும் இருந்தார்கள். நமக்குப் பேரேடுதான் இருக்கிறது.

காரணம் என்ற கட்டத்தை மட்டும் காலியாக விடாதீர்கள். போர்வீரர் பேரரசு என்றதும் எல்லோரும் வாள், வீரவசனம் என்று ஆரம்பிக்கிறோம். அந்த வீரர்கள் எதைச் சாப்பிடுகிறார்கள், யார் விளைவிக்கிறார், கப்பலுக்கு எரிபொருள் எங்கிருந்து வருகிறது? கிளிங்கான் பேரரசு தன் நெடுநாள் எதிரியோடு சமாதானம் பேச இறங்கியது அன்பினால் அல்ல. ப்ராக்ஸிஸ் என்ற அவர்களுடைய நிலவு, முக்கிய எரிசக்தி மூலம், கதைப்படி 2293இல் வெடித்துச் சிதறியது. அதற்குப் பிறகு போரையும் உயிர் பிழைப்பதையும் ஒன்றாகச் சமாளிக்க அவர்களால் முடியவில்லை. ஒரே ஒரு நிலவு வெடித்ததில் முழுப் பேரரசின் அரசியலும் மாறுகிறது. உங்கள் பேரேட்டிலும் அப்படி ஒரு வரி இருக்கட்டும்.

அப்புறம், நம்மிடம் இருப்பதை விட்டுவிட்டுக் கடன் வாங்கப் போகாதீர்கள். வெட்சி, கரந்தை, வஞ்சி, உழிஞை, நொச்சி, தும்பை என்று போரின் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனிப் பூவும் தனித்தனி ஒழுக்கமும் வகுத்த மொழி நம்முடையது. ஆநிரை கவர்வதில் தொடங்கி, படையெடுத்து, மதிலை வளைத்து, நேருக்கு நேர் மோதும் அந்த வரிசையே ஒரு வேற்றுக்கிரகப் போரின் அத்தியாயங்களாக அப்படியே நிற்கும். வெண்ணிப் போரில் மார்பில் பாய்ந்த வேல் முதுகு வரை ஊடுருவியதால், புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர்விட்ட சேரன் புறநானூற்றில் இருக்கிறான். வானில் தொங்கிய கோட்டையை அழித்த சோழ முன்னோனைப் பற்றி, ‘தூங்கெயில் எறிந்த’ என்ற வரியும் அங்கேதான் இருக்கிறது. நான் ழகோரத்தின் விண்கோட்டைகளுக்குத் தூங்கெயில் என்றே பெயர் வைத்தேன். படித்தவர்களுக்கு அந்தச் சொல் பிடித்துப்போனது.

2. இன்னொருவர் பேரரசை விற்காதீர்கள்

கிளிங்கான்களையே வைத்துத் தமிழில் கதை எழுதி நூலாக விற்கலாமா என்று என்னிடம் இரண்டு பேர் கேட்டார்கள். கூடாது. மலேசியா 1990 முதல் பதிப்புரிமைக்கான பன்னாட்டு பெர்ன் உடன்படிக்கையில் இருக்கிறது. வெளிநாட்டுப் படைப்புக்கும் இங்கே பதிப்புரிமைப் பாதுகாப்பு உண்டு. ஸ்டார் ட்ரெக் உரிமையாளர்கள், அந்த உலகத்தை வைத்து ரசிகர்கள் தயாரித்த ஒரு திரைப்படத்தின் மீது 2015 டிசம்பரில் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். அந்த வழக்கில் கிளிங்கான் மொழியையும் தங்களுடையது என்று பட்டியலில் சேர்த்திருந்தார்கள். 2017 ஜனவரியில் சமரசமானது. மொழி யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்குத் தீர்ப்பு வராமலே முடிந்துவிட்டது. அந்தச் சந்தேகத்தை உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

மானம், குலப்பகை, சபையில் சவால் விடுவது போன்றவை யாருக்கும் சொந்தமல்ல. பெயர், ஆயுதத்தின் வடிவம், சின்னம், சொல், குறிப்பிட்ட நிகழ்வு ஆகியவற்றை எடுக்காதீர்கள். அட்டைப்படம் வரைபவரிடம் இதை எழுத்தில் கொடுங்கள். எனக்கு வந்த முதல் அட்டைப்படத்தில் இருந்த பிறைவடிவ வாளைப் பார்த்த உடனே எந்தத் தொடரிலிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது. மாற்றி வரைய 150 ரிங்கிட் கூடுதலாகக் கொடுத்தேன்.

3. பெயர்களைத் தமிழிலும் ரோமனிலும் பூட்டுங்கள்

நான் அதிகம் பட்டது இந்த இடத்தில்தான்.

முதலில் தமிழ். தமிழ்ச் சொற்கள் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எழுத்துகளில் தொடங்குவதில்லை. தொல்காப்பியம் சொன்ன விதி. கடன்சொற்களால் ட, ர, ல எல்லாம் இப்போது நம் காதுக்குப் பழகிவிட்டன. ழ, ள, ற, ண இன்னும் பழகவில்லை. அதனால் அந்த எழுத்தில் தொடங்கும் ஒரு பெயரைக் கேட்ட உடனே அது இந்த மண்ணுடையதல்ல என்று தமிழ்க் காது சொல்லிவிடும். மெய்யெழுத்துகளை நான்கைந்தாக அடுக்கி வாயில் நுழையாத பெயர் வைப்பதைவிட இது எளிது, அச்சிலும் உடையாது.

கிளிங்கான் மொழியை உருவாக்கிய மொழியியலாளர் மார்க் ஒக்ராண்ட், அது அந்நியமாகத் தெரிய வேண்டும் என்று செயப்படுபொருளை முதலிலும், வினையை நடுவிலும், எழுவாயைக் கடைசியிலும் வைத்தார். ஆங்கிலம் பேசுகிறவருக்கு அது தலைகீழ். தமிழில் ‘குழந்தையைப் பார்க்கிறார் அதிகாரி’ என்றால் யாருக்கும் விசித்திரமாகப் படாது, வேற்றுமை உருபு எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். ஆகவே அந்த உத்தி நமக்கு உதவாது. எழுத்தொலியில்தான் வேலை செய்ய வேண்டும்.

அடுத்தது ரோமன் எழுத்து. நூல் முழுக்கத் தமிழில் இருந்தாலும் அலுவலகப் படிவங்களில் தலைப்பை ரோமன் எழுத்தில் கேட்பார்கள். ழகோரம் என்பதை நான் ஒரு படிவத்தில் இசட்-எச் போட்டும், இன்னொன்றில் எல் போட்டும், அச்சகத்துக்கு அனுப்பிய கோப்பில் வெறும் இசட் போட்டும் எழுதியிருந்தேன். மூன்றும் மூன்று நூல்போல ஆகிவிட்டது. திருத்த மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல். எழுத ஆரம்பித்த வாரத்திலேயே நூலின் தலைப்பு, உங்கள் பெயர், பதிப்பகத்தின் பெயர் மூன்றையும் ரோமனில் எப்படி எழுதுவீர்கள் என்று முடிவுசெய்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயர் மைகாட் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கட்டும். புனைபெயர் அட்டைக்குப் போதும்.

4. பதிப்பகப் பெயர் வேண்டுமா?

உங்கள் சொந்தப் பெயரிலேயே ஒரு நூலை வெளியிடலாம். தொடர்ந்து வெளியிட்டு விற்பதாக இருந்தால் எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில் தனிநபர் வணிகமாகப் பதிந்துகொள்ளுங்கள். மைகாட்டில் உள்ள உங்கள் பெயரையே வணிகப் பெயராக வைத்தால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வேறு பெயர் வைத்தால் 60 ரிங்கிட். ஒரே தடவையில் ஐந்து ஆண்டு வரை கட்டலாம். தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். அவர்களுடைய ஈசிபிஸ் தளத்தில் இணையம்வழி செய்யலாம். முகப்புக்கே போக வேண்டுமானால் தலைமையகம் கேஎல் சென்ட்ரலில் இருக்கிறது, பிரிக்பீல்ட்ஸிலிருந்து நடந்தே போகலாம்.

நாம் எழுதும் வகை நூலுக்கென்றே ஒரு பொறி இங்கே இருக்கிறது. பேரரசின் பெயரையே பதிப்பகத்துக்கும் வைக்க ஆசைப்பட்டு ‘இம்பீரியல்’, ‘ராயல்’ என்று சேர்க்காதீர்கள். அரச குடும்பத்தோடு தொடர்பு இருப்பதுபோல் காட்டும் சொற்கள் கட்டுப்பாட்டில் உள்ளவை. பெயருக்கு ஒப்புதல் கிடைக்காமல் நாள் போகும்.

வணிகம் பதிந்துவிட்டால் வருமான வரிப் படிவமும் மாறும். சம்பளக்காரராக நீங்கள் நிரப்பிக்கொண்டிருந்தது பிஇ படிவம், கெடு ஏப்ரல் 30. வணிகம் இருந்தால் பி படிவம், கெடு ஜூன் 30. விற்பனை குறைவாக இருந்தாலும் கணக்குக் காட்ட வேண்டும். ஆகவே அச்சகப் பற்றுச்சீட்டு, தபால் செலவு, ஓவியருக்குக் கொடுத்த பணம் எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே ஒரு உறையில் போட்டு வையுங்கள்.

5. ஐ.எஸ்.பி.என். எண்

ஐ.எஸ்.பி.என். என்பது ஒவ்வொரு நூலையும் தனியாக அடையாளம் காட்டும் அனைத்துலக எண். ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய நூலகம்தான், அதாவது பெர்புஸ்தக்கான் நெகாரா, இந்த எண்ணைக் கொடுக்கிறது. இலவசம். நூறு, இருநூறு வெள்ளி கொடுத்தால் எண் எடுத்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால், நீங்களே விண்ணப்பித்துவிடுங்கள்.

தலைப்புப் பக்கம், பதிப்புரிமைப் பக்கத்தின் வரைவு, பொருளடக்கம், முன்னுரை, அட்டையின் மாதிரி ஆகியவற்றைப் பிடிஎஃப் கோப்புகளாகத் தயாராக வைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள். பக்க எண்ணிக்கை, அளவு, உத்தேச விலையும் தேவைப்படும். நூற்பட்டியல் விவரத்தையும், அதாவது பதிப்புரிமைப் பக்கத்தில் கட்டம் போட்டு அச்சிடுகிறார்களே அந்தத் தரவையும், அதே நூலகத்திடம்தான் கேட்க வேண்டும். இரண்டையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். அச்சுக்குப் போகும் நாளுக்கு ஒரு மாதம் முன்னதாக விண்ணப்பித்தால் நெஞ்சு படபடக்காது.

எண் வந்ததும் அட்டையில் தட்டச்சு செய்யும்போது ஓர் இலக்கம் தவறினால் நூல் முழுவதும் தவறிவிடும். நீங்களே சரிபார்க்கலாம். பதின்மூன்று இலக்கங்களையும் வரிசையாக 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை பத்தால் மீதமின்றி வகுபட வேண்டும். வகுபடாவிட்டால் எங்கோ ஓர் இலக்கம் பிசகியிருக்கிறது.

மின்னூலும் போடுவதானால் அதற்குத் தனி எண். தாள் அட்டைப் பதிப்புக்கும் கெட்டி அட்டைப் பதிப்புக்கும்கூடத் தனித்தனி.

வேற்றுக்கிரகக் கதை என்றால் அட்டை கறுப்பாகத்தான் இருக்கும். அந்தக் கறுப்பின் மேல் வெள்ளைக் கோடுகளாகவோ சிவப்புக் கோடுகளாகவோ பட்டைக்குறியீட்டைப் போடச் சொல்லாதீர்கள். கடை இயந்திரம் அதைப் படிக்காது. வெள்ளைக் கட்டத்துக்குள் கறுப்புக் கோடுகளாகப் போடச் சொல்லுங்கள்.

6. பக்க வடிவமைப்பு

யூனிகோடில் எழுதியிருந்தால் பாதி வேலை முடிந்தது. பழைய எழுத்துருக்களில் எழுதியிருந்தால் மாற்றிவிட்டு ஒவ்வொரு வரியையும் கண்ணால் பாருங்கள்.

வடிவமைப்பவர் அடோபி இன்டிசைன் மென்பொருளில் வேலை செய்தால், பத்தி அமைப்பில் ‘வேர்ல்டு-ரெடி கம்போசர்’ என்பதைத் தேர்ந்தெடுத்திருக்கிறாரா என்று முதல் நாளே கேளுங்கள். வழக்கமான கம்போசரில் தமிழ் சிதறிவிடும். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், கொற்றம் என்பதில் கொ இரண்டாக உடையும். என் நூலின் முதல் மெய்ப்பு அப்படித்தான் வந்தது. கேட்டபோது, “அக்கா, தமிழ்னா கம்ப்யூட்டர்ல இப்படித்தான் வரும், பரவால்ல விடுங்க” என்று சொன்னார் அந்த இளைஞர். விடாதீர்கள். தமிழ் கணினியில் சரியாகவே வரும்.

மெய்ப்பில் கொ, போ, கௌ, நை, ஸ்ரீ இருக்கும் ஐந்தாறு சொற்களைத் தனியாகத் தேடிப் பாருங்கள். நீங்கள் உருவாக்கிய பெயர்களுக்கு எந்தப் பிழைதிருத்தியும் உதவாது, அவை எல்லாமே அதற்குப் பிழைதான். பேரேட்டிலிருந்து பெயர்ப் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றையும் கோப்பில் தேடுங்கள். ழகோரர்களின் ஏழாம் மன்னன் ‘உறெழன்’ நூலில் நான்கு விதமாக வந்திருந்தான்.

மெய்ப்புப் பார்க்க உங்களைத் தவிர இரண்டு பேராவது வேண்டும். ஒருவர் தமிழ் நன்கு தெரிந்தவர், மற்றவர் கதையை முதன்முறையாகப் படிப்பவர். இருவருக்கும் தலா மூன்று வாரம் கொடுங்கள். எனக்கு உதவிய ஆசிரியை பணம் வாங்க மறுத்துவிட்டார். நானாகத் தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுத்தேன்.

7. பதிப்புரிமைப் பக்கம்: என் பெரிய நட்டம்

மலேசியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும், முதல் தாளிலோ கடைசித் தாளிலோ, அச்சிட்டவரின் பெயரும் முகவரியும் வெளியிட்டவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். அதுவும் மலாயிலோ ஆங்கிலத்திலோ. 1984ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தின் 11ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது. தமிழ் நூல்தானே என்று நான் எல்லாவற்றையும் தமிழில் மட்டும் போட்டிருந்தேன், அச்சகத்தின் முகவரியை விட்டே போயிருந்தேன். அச்சகத்திலும் யாரும் கவனிக்கவில்லை. முந்நூறு பிரதியும் வீட்டுக்கு வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது. அந்தத் தாளை வெட்டி ஒட்ட நானும் என் தங்கையும் நான்கு இரவு உட்கார்ந்தோம். தாளுக்கும் பசைக்கும் மறு அச்சுக்கும் 210 ரிங்கிட்.

ஆகவே அந்தப் பக்கத்தில் இவை இருக்கின்றனவா என்று விரல் வைத்துப் பாருங்கள்: தலைப்பு தமிழிலும் ரோமனிலும், உங்கள் பெயர், பதிப்பு எண், ஆண்டு, பதிப்புரிமை வரி, ஐ.எஸ்.பி.என்., நூற்பட்டியல் தரவு, வெளியிட்டவர் முகவரி, அச்சிட்டவர் முகவரி. வீட்டு முகவரியை ஊருக்கெல்லாம் காட்ட விருப்பமில்லை என்றால், எந்த முகவரியைப் போடுவது என்பதை வணிகம் பதியும்போதே யோசித்துவிடுங்கள்.

நூலுக்கு முன் அனுமதி வாங்க வேண்டியதில்லை. தொடர்ந்து வெளிவரும் இதழுக்குத்தான் உள்துறை அமைச்சின் அனுமதி தேவை. அதனால் நாவலை ‘இதழ் 1, இதழ் 2’ என்று வெட்டி மாதாமாதம் போடும் யோசனை இருந்தால் கைவிடுங்கள். வெளிவந்த நூலைத் தடைசெய்யும் அதிகாரமும் அமைச்சுக்கு உண்டு. வேற்றுக்கிரக மதம், குருமார் பற்றி எழுதும்போது அது இங்கே இருக்கும் யாருடைய நம்பிக்கையையும் முகமூடி போட்டு இழிவுபடுத்துவதாக ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

8. அச்சகம்

குறைந்தது மூன்று இடத்தில் விலை கேளுங்கள். கேட்கும்போது எல்லாரிடமும் ஒரே விவரத்தைச் சொல்லுங்கள்: ஏ5 அளவு, 240 பக்கம், உள்ளே கறுப்பு வெள்ளை, 80 கிராம் தாள், அட்டை வண்ணம், மேட் பூச்சு, 300 பிரதி. எனக்கு ஒரு பிரதிக்கு 8 ரிங்கிட்டிலிருந்து 13 ரிங்கிட் வரை சொன்னார்கள். நான் 9.20க்குக் கொடுத்தேன், மொத்தம் 2,760. பாதி முன்பணம்.

முந்நூறு பிரதி வரை டிஜிட்டல் அச்சு கட்டுபடியாகும். ஆயிரத்தைத் தாண்டினால், தகடு செய்து அச்சிடும் ஆஃப்செட்டில் ஒரு பிரதியின் விலை நன்றாகக் குறையும். ஆனால் முதல் நூலுக்கு ஆயிரம் அடிக்காதீர்கள். கட்டிலுக்குக் கீழே பெட்டி பெட்டியாக இருக்கும் புத்தகங்கள் அடுத்த நூல் எழுதும் மனத்தைக் கெடுத்துவிடும். சென்னையில், சிவகாசியில் அச்சிட்டால் மலிவு என்பார்கள். அச்சுக்கூலி குறைவுதான், ஆனால் கப்பல் செலவையும் காத்திருக்கும் வாரங்களையும், பிழை வந்தால் திருப்பி அனுப்ப முடியாததையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

ஆஃப்செட்டில் அச்சிட்டால் பக்க எண்ணிக்கை பதினாறின் மடங்காக இருப்பது நல்லது. 240 சரியாக வரும், 243 என்றால் காலிப் பக்கங்களுக்கும் நீங்களே பணம் கட்டுகிறீர்கள். நூலின் முதுகு எத்தனை மில்லிமீட்டர் என்பது தாளின் கனத்தைப் பொறுத்தது. தாளை முடிவுசெய்து, அச்சகம் அளவு சொன்ன பிறகே அட்டையை முடியுங்கள். ஓரத்தில் வெட்டுக்காக 3 மில்லிமீட்டர் விடச் சொல்லுங்கள். ஒரே ஒரு மாதிரிப் பிரதி அச்சிட்டுக் கொடுக்கச் சொல்லி, அதை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை புரட்டுங்கள். அதற்கு 40 ரிங்கிட் கேட்டார்கள். கொடுத்தேன், அட்டையின் நட்சத்திரக் கூட்டம் சேறுபோல் அச்சாகியிருந்ததைக் கண்டுபிடித்தேன். அந்தப் பிரதியில் அச்சகத்தின் முகவரியையும் பார்த்திருந்தால் நான்கு இரவு மிஞ்சியிருக்கும்.

காலம்: சீனப் புத்தாண்டுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் அச்சகங்கள் மூடியிருக்கும். ஆண்டுக் கடைசியில் நாட்காட்டி, டைரி வேலை நெருக்கும். சாதாரண நாளில் மூன்று வாரம் என்று சொன்னால் ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

9. பதிப்புரிமை அறிவிப்பு

நீங்கள் எழுதி ஒரு வடிவத்தில் வைத்த நொடியிலேயே பதிப்புரிமை உங்களுடையது. உங்கள் வாழ்நாளும் அதற்குப் பின் 50 ஆண்டும் நீடிக்கும். அதைப் பதிந்தால்தான் உரிமை என்பதில்லை. ஆனால் 2012 முதல், விரும்புகிறவர்கள் மைஐபிஓ எனப்படும் அறிவுசார் சொத்துரிமைக் கழகத்தில் அறிவித்து வைக்கலாம். நாளை யாராவது உங்கள் பேரரசைத் தூக்கிக்கொண்டு போனால் அந்தப் பதிவு நீதிமன்றத்தில் முதல்நிலைச் சான்றாக நிற்கும். அலுவலகம் பெட்டாலிங் ஜெயாவில்.

படிவத்தோடு நூலின் பிரதியும், பெசுருஜாயா சும்பா எனப்படும் சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் எடுத்த சத்தியப் பிரமாணமும் தேவை. மைகாட் அசலைக் கொண்டு போங்கள், வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். அவர் கண்முன்னால் போட்டால்தான் செல்லும், நான் போட்டுக்கொண்டு போய் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியதாயிற்று.

பேரேட்டையும் வரைபடத்தையும் ழகோர எழுத்து அட்டவணையையும் நூலின் பின்னிணைப்பாகச் சேர்த்துவிட்டேன். அவையும் படைப்பின் பகுதிதான். ஓவியர் வரைந்ததை மட்டும் வாய்ப்பேச்சோடு விட்டுவிடாதீர்கள். எதற்கு, எத்தனை பதிப்புக்கு, எவ்வளவு பணம் என்று அரைப்பக்க ஒப்பந்தம் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

10. வெளியீடும் விற்பனையும்

நூல் வெளியீட்டுக்குப் பெரிய மண்டபம் வேண்டாம். தமிழ்ப்பள்ளியின் மண்டபமோ சங்கத்தின் அறையோ போதும். எழுபது நாற்காலி, வடை, தேநீர் எல்லாம் சேர்த்து எனக்கு 640 ரிங்கிட் ஆனது. முதல் நூலைப் பெறுகிறவர் உறையில் ஒரு தொகை வைப்பது நம் வழக்கம். அதை நம்பிக் கடன் வாங்கி விழா எடுக்காதீர்கள். பேச அழைக்கிறவர்களுக்கு ஒரு மாதம் முன்பே நூலைக் கொடுத்துவிடுங்கள். வேற்றுக்கிரகக் கதையைப் படிக்காமல் மேடை ஏறினால் அவர்கள் உங்களைப் பற்றித்தான் பேசுவார்கள், பேரரசைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

விலையை 25 ரிங்கிட் என்று வைத்தேன். கடையில் கொடுத்தால் 30 முதல் 40 விழுக்காடு கழிவு கேட்பார்கள், விற்ற பிறகே பணம். எத்தனை பிரதி கொடுத்தீர்கள் என்று எழுதிக் கையெழுத்து வாங்காமல் ஒரு பிரதியும் விடாதீர்கள். கோலாலம்பூர் அனைத்துலகப் புத்தக விழா பெரும்பாலும் மே, ஜூன் வாக்கில் வரும். அதற்குள் நூல் கையில் இருக்க வேண்டுமானால் முந்தைய அக்டோபரில் எழுத்தை முடித்துவிடுங்கள். மெய்ப்புக்கு இரண்டு மாதம், வடிவமைப்புக்கு ஒன்றரை, ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு ஒன்று, அச்சுக்கு ஒன்று, மிச்சம் விடுமுறைகளுக்கு.

11. தேசிய நூலகத்துக்கு ஐந்து பிரதி

1986ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி, நூல் வெளிவந்த ஒரு மாதத்துக்குள் ஐந்து பிரதிகளை உங்கள் செலவிலேயே தேசிய நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும். ஐ.எஸ்.பி.என். எண் வாங்கிய பலர் இதை மறந்துவிடுகிறார்கள். முந்நூறில் ஐந்தை முதல் நாளே தனியாகக் கட்டி வைத்துவிடுங்கள், விழா முடிந்து பார்த்தால் இருக்காது. அச்சுப் பிழையோ கிழிசலோ இல்லாத பிரதிகளாகப் பாருங்கள்.

நான் தபாலில் அனுப்பாமல் நேரில் கொண்டு போனேன். தெங்கோலோக் தலைப்பாகை வடிவில் நீலக் கூரை போட்ட அந்தக் கட்டடத்தின் முகப்பில் ஓர் அம்மா ஐந்தையும் எண்ணி, முதல் பிரதியைத் திறந்து பதிப்புரிமைப் பக்கத்தைப் பார்த்தார். ஒட்டிய தாளின் ஓரத்தை விரலால் தடவினார், ஒன்றும் சொல்லவில்லை. பெற்றுக்கொண்டதாகச் சீட்டு தந்தார். அந்தச் சீட்டைப் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். நீங்களும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், இரண்டாம் பதிப்புக்குப் போகும்போது தேவைப்படும்.